திருமண்ணும் அருமண்ணும்

காவிரியைக் கடந்து திருவரங்கத்து வீதிகளிற் காலைப்பொழுதில் நடப்போர், அடியார் நெற்றியில் வெண்மையாய் விளங்கும் திருமண்ணைக் காண்பர். மண்ணினின்று வெண்மை பெற்று மேனியில் அணிதல் நம்மவர்க்குப் புதிதன்று. இக்காலத்து இரசாயன நூலாரோ வேறொரு மண்ணை நாடுகின்றனர். அதற்கு அருமண் என்று பெயர். அதன் சேர்மங்களைக் கொண்டு முகப்பூச்சுக்குரிய புதிய வெண்பொடி ஆக்கலாகுமா என்பதே அவர்தம் ஆராய்ச்சி.

பழைய வெண்மை இருக்கப் புதியது எற்றுக்கு எனின், கூறுவேன். மேனாட்டு மகளிர் பல நூற்றாண்டுகள் ஈய வெள்ளையைப் பூசி நஞ்சுக்கு இரையாயினர். நம் கூத்தர் பூசிய அரிதாரம் மஞ்சள் நிறத்ததாயினும் அதுவும் ஆர்செனிக் என்னும் நஞ்சு பொருந்தியதே. நஞ்சின் பெயரே பின்னர் நாடக ஒப்பனை முழுமைக்கும் பெயராயிற்று! ஈய வெள்ளையின் இடத்தைத் துத்தநாக வெள்ளையும், 20-ஆம் நூற்றாண்டில் டைட்டேனியம் டையாக்சைடும் பெற்றன. இவை ஈயம் போன்ற நஞ்சல்ல. எனினும் வெயில் படுங்கால் தம்மை அடுத்துள்ள எண்ணெய்ப் பசையைச் சிதைக்கும் இயல்புடையன. அதனைத் தடுக்கவே டைட்டேனியப் பொடிக்கு மேலுறை இடுகின்றனர். சீரியம், லாந்தனம் முதலிய அருமண்களின் பாஸ்பேட்டுகளில் வெண்மை உண்டு. சிதைக்கும் இயல்போ குறைவு. சீரியச் சேர்மங்கள் புறஊதாக் கதிரையும் தடுக்க வல்லன.

இவ்வருமண் நமக்கு அயலதன்று. அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட்டு உண்டென்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். மோனசைட்டும் அருமண்களின் பாஸ்பேட்டே. டைட்டேனியந் தரும் இல்மனைட்டும் அம்மணலிலேயே உளது. ஆயின், மோனசைட்டிற் கதிர்வீசும் தோரியமும் கலந்துள்ளது. ஆதலின், மணல் அள்ளுதல்பற்றிக் குமரிக் கரையோர மக்கள் அஞ்சுகின்றனர், எதிர்த்தும் வருகின்றனர். அவ்வச்சத்தை அறியாமை என்று இகழ்தல் அறமன்று.

ஆராய்ச்சியை நான் வரவேற்கின்றேன். ஆயினும் இரண்டு வேண்டுவேன். தோரியம் முற்றும் பிரிக்கப்பெற்று, கழிவு காக்கப்பெற்று, பூசும் முகத்துக்கேயன்றி அள்ளும் கைக்கும் தீங்கின்மை நிறுவப்பெறல் வேண்டும். இஃது ஒன்று. அப்பொடியை விற்போர் நம் கரிய மேனியைப் பழித்து விற்றலாகாது. இது மற்றொன்று. கருமை நோயன்று, மருந்து தேடுதற்கு.

புறத்தே வெள்ளை பூசி அகத்தே அழுக்குடைய கல்லறையை நம் ஆண்டவர் கடிந்தார். கடற்கரை ஏழையின் உடல்நலத்தை விலையாகக் கொடுத்துப் பெறும் வெண்மையும் அத்தகையதே யன்றோ? அவ்வழுக்கு நீங்கப்பெறின், அருமண்ணும் நமக்கு ஒரு திருமண்ணாம்.