மறைத்தவர் யார்?

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தில் ஒரு வினா உண்டு: இதற்குமுன் பாலிசி எடுத்ததுண்டா, ஏதேனும் ரத்தானதா, மறுக்கப்பட்டதா? படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் முகவரே. 'இல்லை' என்று அவரே எழுதுவார். உழைப்பாளி காட்டிய இடத்தில் கையெழுத்திடுவார். பிரீமியம் வாங்கும்வரை அந்த 'இல்லை'யை எவரும் துருவுவதில்லை. சாவு விழுந்த வீட்டார் பணம் கேட்கும் நாளில்தான் கம்பெனிக்கு உண்மையின்மீது காதல் பிறக்கிறது.

2009இல் ரிலையன்ஸ் லைஃப் நிறுவனத்தில் 10 லட்சத்துக்குப் பாலிசி எடுத்த ஒருவர், இரண்டு மாதம் முன்பு வேறு கம்பெனியில் 11 லட்சத்துக்கு எடுத்ததைக் குறிப்பிடவில்லை. அடுத்த ஆண்டே இறந்தார். மனைவிக்குச் சாதகமான தேசிய நுகர்வோர் ஆணையத் தீர்ப்பை 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் எக்ஸைட் லைஃப் வழக்கில் வேறுவிதமாகக் கண்டது: 40 லட்சம் பாலிசியைச் சொன்னவர் 2.3 லட்சம் மதிப்புள்ள சிறு பாலிசிகளை விட்டுவிட்டது முக்கிய உண்மையை மறைத்ததாகாது. 25 லட்சத்தை 9 சதவீத வட்டியுடன் வழங்குக. தந்தை இறந்தது 2015இல். மகனுக்கு நீதி கிட்டப் பத்தாண்டு!

'உச்ச நன்னம்பிக்கை' என்பது கம்பெனிகளின் மந்திரம். (அச்சொல்லைத் தமிழாக்கும் போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.) 1766இல் அக்கோட்பாட்டை வகுத்த ஆங்கிலேய நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவே, காப்பீட்டாளர் அறிந்திருக்க வேண்டியதைச் சொல்லும் கடமை மற்றவருக்கில்லை என்று கூறி, காப்பீடு பெற்றவர் பக்கமே தீர்ப்பளித்தார். இதைக் கம்பெனி வழக்கறிஞர்கள் நினைவூட்டுவதில்லை.

அறிய வழியில்லையா? ஒழுங்குமுறை ஆணையம் ஐதராபாத்தில் இருக்கிறது. கம்பெனிகளின் பாலிசி, கோரிக்கைத் தரவுகளைத் திரட்ட 2009இல் அது உருவாக்கிய தகவல் மையமும் அதே ஐதராபாத்தில்தான். வேண்டுமென்றே பாலிசிகளைக் குவிப்போரும் உண்டு. அவர்களைப் பிடிக்க வேண்டியது பணம் வாங்குமுன்.

அந்நிய மூலதன வரம்பை 26இலிருந்து 49 சதவீதமாக்கிய 2015ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாண்டு கடந்த பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கலாகாது என்றது. சரிதான். ஆனால் அதற்குள் மோசடி என்று கம்பெனி குற்றம்சாட்டி, பாலிசிதாரரும் உயிருடன் இல்லையெனில், மோசடியன்று என மெய்ப்பிக்கும் சுமை வாரிசுடையது என்றும் 45ஆம் பிரிவில் எழுதிவைத்தது. இறந்தவர் மனதில் இருந்ததை விதவை எதைக் கொண்டு மெய்ப்பிப்பார்?

அந்த வாசகம் நீக்கப்பட வேண்டும். ரத்தான, காலாவதியான பாலிசிகள் உட்பட அனைத்தையும் முதல் பிரீமியத்துக்கு முன்பே சரிபார்க்கும் கடமை கம்பெனிக்கு விதிக்கப்பட வேண்டும். அதுவரை தோழர்களே, கட்டாமல் விட்ட பழைய பாலிசியையும் படிவத்தில் உங்கள் கையாலேயே எழுதுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்.