போர்டை மாத்துனா ஊர் மாறிடுமா?

 கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் காரமடை சந்தையில் ஓர் அம்மா என்னை நிறுத்திக் கேட்டார். அவர் மகன் என்னிடம் படித்தவன். அவர் கருவேப்பிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர். "ஏனுங்க சார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற என்ற தங்கச்சிக்கு நூறு நாள் வேலை அட்டை இருக்குது. எனக்குக் கெடையாதுங்களாமா. நான் டவுனுக்காரியாமுங்க!"

அவர் சொன்னது சரிதான். காரமடை பேரூராட்சியாக இருந்தது, 2021இல் நகராட்சி ஆனது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டமோ ஊரகத்துக்கு மட்டும் என்றுதான் போடப்பட்டது. பேரூராட்சிக்கே கிடையாது, நகராட்சிக்கு எங்கே?

சரி, எது நகரம் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலும் அது நகரம்தான், மறுகேள்வி இல்லை. அறிவிக்காத ஊர்களுக்கு மூன்று அளவுகோல். குறைந்தது 5,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். மூன்றாவதுதான் வேடிக்கை: உழைக்கும் ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும்! நம் பக்கம் ஆண்கள் மில்லுக்கும் பட்டறைக்கும் போகிறார்கள், பெண்கள் களை எடுக்கிறார்கள். அந்தக் களைக்கொத்து இந்தக் கணக்கில் வராது.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2004இல் தமிழக அரசு 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை 'சிறப்புக் கிராம ஊராட்சி' ஆக்கியது. ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பது காரணம். 2006இல் திரும்பவும் பேரூராட்சி. அந்த இரண்டு வருடத்தில் தோப்பும் வயலும் எங்கேயாவது போய்விட்டு வந்தனவா?

நகராட்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் வேண்டும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஊர் பெரியதானால் எங்களைப் போன்ற அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப்படி கூடும். கூலிக்காரம்மாவுக்கு வேலை போகும். ஒரே அறிவிப்பு, ஒருத்தருக்கு வரவு, ஒருத்தருக்குச் செலவு. இது என்ன நியாயம்?

கேரளத்தில் அய்யன்காளி பெயரில் நகரத்து ஏழைகளுக்கும் வேலை உறுதித் திட்டம் இருக்கிறது. இங்கேயும் சில நகரங்களில் சோதனை முறையில் தொடங்கினார்கள். சோதனை போதும், எல்லா ஊருக்கும் கொண்டு வாருங்கள். வேலைக்கான உரிமை ஆளைப் பார்த்து வரட்டும், ஊர் போர்டைப் பார்த்து அல்ல.

அரசு அலுவலகங்களில் இருக்கும் என் மாணவர்களே, இதை உங்கள் மேலதிகாரி காதில் போடுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுக்க வரும்போது "அம்மா வீட்டுல சும்மாதான் இருக்காங்க" என்று சொல்லாதீர்கள் கண்ணுகளா. தோட்டத்து வேலைக்குப் போகிறார் என்று சொல்லுங்கள். அதுவாவது தாளில் ஏறட்டும்.