அடைத்த பள்ளியும் அணைந்த அடுப்பும்

தோழா!

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுவைக்கு இரண்டு வந்து சேரும். ஒன்று, கடல் தரும் மழை. மற்றொன்று, வீட்டுக்கு வீடு எழும் வாதம் - "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா?" பிள்ளைகள் விடுமுறையை எண்ணிக் கைகொட்டிச் சிரிக்கும். பெற்றவர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள்.

"தூறல் போட்டால் விடுமுறை, மேகம் கறுத்தால் விடுமுறை! படிப்பது எப்போது?" என்று கேட்கிறது ஒரு கட்சி. "முழங்கால் ஆழத் தண்ணீரிலே எது சாலை, எது சாக்கடை என்று தெரியவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தப் படிப்பு யாருக்கு?" என்று கேட்கிறது மறு கட்சி.

இரண்டுமே பெற்ற வயிறு பேசும் பேச்சு. இரண்டிலும் நியாயம் உண்டு.

மழையை எளிதாக எண்ண நமக்கு உரிமை இல்லை. 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் நடுவே புகுந்து மரங்களை வேரோடு சாய்த்ததைக் கண்டவர்கள் நாம். 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' வந்தது. கரை கடந்த பிறகும் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. 24 மணி நேரத்திலே 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை! கிருஷ்ணா நகரிலே வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்களை மீட்க இராணுவம் வந்தது. அதுபோன்ற நாளிலே பள்ளியை அடைப்பது அறிவுடைமை. அதிலே யாருக்கும் வழக்கில்லை.

ஆனால் தோழா, விடுமுறை என்ற சொல் ஒன்றுதான். அது எல்லா வீட்டுக்குள்ளும் ஒரே மாதிரியாகவா நுழைகிறது?

முத்தியால்பேட்டையிலே ஒரு தேநீர்க் கடை. மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்கி நின்றேன். பக்கத்திலே வீட்டு வேலைக்குப் போகும் ஒரு தாய். கையிலே ஏழு வயதுப் பையன். "என்னம்மா, விடுமுறை விட்டுவிட்டார்களே, நல்லதுதானே?" என்றேன்.

"எது நல்லதுண்ணே? பள்ளிக்கூடம் இருந்தா மத்தியானச் சோறு அங்கயே ஆயிடும். லீவு வுட்டா நான் வேலைக்குப் போறதா, புள்ளைய பாத்துக்கறதா? போவலன்னா கூலி இல்ல. போனா, இந்தத் தண்ணியில புள்ள தனியா நிக்கும். அதையும் காலைல நாங்க கெளம்பின பொறவுதான் சொல்றாங்க!"

பொதுக்கூட்டத்திலே ஒரு மணி நேரம் பேசினாலும் இவ்வளவு தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மாடி வீட்டுப் பிள்ளைக்கு மழை நாள் என்றால் சன்னலோரம், சூடான பால், கணினியிலே பாடம். குடிசைப் பிள்ளைக்கோ ஒழுகும் கூரை, ஈர விறகு, ஒருவேளைச் சோறு குறைவு. கணினிப் பாடம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பாரும் உண்டு. செல்வம் கொழிக்கும் நியூயார்க் நகரிலே 2024 பிப்ரவரியில் பனி கொட்டியபோது, "வீட்டிலிருந்தே படியுங்கள்" என்றார்கள். பிள்ளைகள் உள்ளே நுழைய முடியாமல் இணைப்பே திணறியது! அங்கேயே அந்தக் கதி என்றால், மின்சாரம் போன நம் குப்பத்திலே என்ன ஆகும்?

பள்ளிக்கூடம் பாடம் சொல்லும் இடம் மட்டுமல்ல என்பதை முதலில் உணர்ந்தது நம் இயக்கத்தின் முன்னோடிகள். 1920-இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியை நடத்தியபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே மதிய உணவு பிறந்தது. பின்னாளில் காமராசர் அதை மாநிலமெங்கும் பரப்பினார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022-இல் தமிழ்நாட்டிலே காலை உணவும் சேர்ந்தது. பசித்த வயிற்றுக்குள் எழுத்து இறங்காது என்ற ஒரே உண்மைதான் நூறாண்டாக அந்த அடுப்பை எரிய வைத்தது. மழை அந்த அடுப்பை அணைக்கலாமா?

"முடியாத காரியம்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். முடிந்த காரியம்! 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது, சமைத்த உணவுக்கு ஈடாகத் தானியமோ பணமோ தரவேண்டும் என்று டில்லியே மாநிலங்களுக்குச் சொன்னது. ஃபெஞ்சலுக்குப் பிறகு புதுவையிலே குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள், வரவேற்போம். ஆனால் புயலுக்குத்தான் பெயர் உண்டு, நிவாரணம் உண்டு. மற்ற மழை விடுமுறைகளுக்குப் பெயரும் இல்லை, ஈடும் இல்லை.

வானிலையைத் துல்லியமாகச் சொல்லமுடியாது என்பதும் உண்மைதான். ஃபெஞ்சல் புயலாகுமா, ஆகாதா என்பதே கடைசி நாட்கள் வரை ஊசலாடியது. ஐயம் இருந்தால் அடைத்துவிடுங்கள். தவறினால் விடுமுறைப் பக்கமே தவறட்டும். ஆனால் அந்தத் தவறின் விலையை ஏழை மட்டுமே கட்டக்கூடாது! நம் வழக்கு இதுதான்.

ஆகவே கேட்கிறோம்: அறிவிப்பை முதல்நாள் மாலையே தாருங்கள். விடுமுறை நாளின் உணவுக்கு ஈடு தாருங்கள். மாகேக்கு மழை சூன், சூலையிலே. நமக்கு ஐப்பசி, கார்த்திகையிலே. பிராந்தியம் பார்த்து முடிவு செய்யத் தெரிந்த அரசுக்கு, தண்ணீர் தேங்கும் பகுதி எது, தேங்காத பகுதி எது என்று பார்க்கத் தெரியாதா? ஆண்டுக்கு 1 முதல் 5 வகுப்பு வரை 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் பள்ளி நடக்கவேண்டும் என்பது 2009-இன் கல்வி உரிமைச் சட்டம். மழை தின்ற நாளைச் சனிக்கிழமையிலே திருப்பித் தாருங்கள் - சோற்றோடு.

ஒரு மணி நேரத்தின் மதிப்பு புதுவைத் தொழிலாளிக்குத் தெரியும். 1936 சூலை 30-இல் ஆலைத் தோழர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு இரையான பிறகுதான் இந்த ஊரிலே எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. தன் வேலை நேரத்தைக் குறைக்க உயிர் கொடுத்தவன், தன் பிள்ளையின் பாட நேரம் குறைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா?

இன்னும் ஒன்று. பெருமழை பெய்தால் இந்திரா காந்தி சதுக்கமும் ரெயின்போ நகரும் குளமாவது விதி அல்ல. உப்பனாறும் பெரிய வாய்க்காலும் தூர்ந்து கிடந்தால், விடுமுறையை அறிவிப்பது வானம் அல்ல, தூர்தான்!

வார்டுக்கு வார்டு உள்ள தோழர்களே! மழைக்கு முன்பே நடந்து பாருங்கள். எந்தப் பள்ளி வாசலிலே தண்ணீர் நிற்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தக் கம்பி தொங்குகிறது - குறித்து, கையொப்பம் வாங்கி, மனுவாகக் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.

மழை பெய்யட்டும். பள்ளியைப் பூட்டவேண்டிய நாளிலே பூட்டட்டும். அன்றைக்கும் அந்த ஏழு வயதுப் பையனின் தட்டிலே சோறு இருக்கவேண்டும். அவ்வளவுதான் நாம் கேட்பது.