கூடிக் கற்றதைக் கூடியே மறப்போம்

புகை பிடிப்பதை விடுவது எப்படி என்று நமது நாட்டில் உபதேசம் செய்யாதவர் யார்? விட்டவர் உபதேசிக்கிறார். தொடாதவர் இன்னும் உரக்க உபதேசிக்கிறார். ஒரு கையில் பீடியை வைத்துக்கொண்டு மறு கையை ஆட்டி உபதேசிக்கும் மகான்களையும் நான் தரிசித்திருக்கிறேன். ஆகையால் இந்த வாரம் நான் உபதேசம் செய்யப் போவதில்லை. ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன். பள்ளிக்கூட வாத்தியார் தம் குற்றத்தை ஒப்புக்கொள்வது அபூர்வமான சம்பவமாகையால், வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

நான் சிகரெட் பிடிக்கக் கற்றது கல்லூரி விடுதியில். கற்றுக் கொடுத்தவர்கள் நண்பர்கள். எனக்குத் தெரிந்தவரையில் இந்த வித்தையைத் தனியாக உட்கார்ந்து கற்றவர் எவருமில்லை. காந்தியடிகளே இதற்குச் சாட்சி. சிறு வயதில் உறவினனான ஒரு தோழனோடு சேர்ந்து, சிற்றப்பா பிடித்து எறிந்த சிகரெட்டுத் துண்டுகளைப் பொறுக்கியதையும், பிறகு வேலைக்காரனுடைய காசைத் திருடியதையும் 'சத்திய சோதனை'யில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கதையில் நாம் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. பழகும்போது இருவராகப் பழகியவர்கள், விடும்போதும் இருவராகவே விட்டார்கள். 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையை அவர் அமைத்தபோது, அங்கே மதுவும் புகையும் அறவே கூடாது என்று ஏற்பாடாயிற்று. அந்தப் பண்ணையில் தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. தனி மனிதனுடைய வைராக்கியத்தை மட்டும் நம்பாமல், ஒரு சமூகம் முழுவதும் ஒரே நோன்பை நோற்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள்.

நிற்க, எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம்.

சிங்காநல்லூர்க் குளத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நொய்யல் தண்ணீர் வந்து நிற்கும் குளம் அது. விடியற்காலையில் நீர்க்கோழியும் நாரையும் இறங்கும். கரையில் நடப்பவர்களின் கூட்டமும் அதே நேரத்தில் இறங்கும். டாக்டர் கண்டித்துச் சொன்னதன் பேரில் நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். இருபது அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கிற்று. ஓரமாக உட்கார்ந்தால், பக்கத்தில் இன்னொருவரும் அதே சுருதியில் இருமிக்கொண்டிருந்தார். அவர் பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷமாகப் பீடி. சங்கீத வித்வான்கள் சுருதியால் ஒன்று சேர்வதைப்போல் நாங்கள் இருமலால் ஒன்று சேர்ந்தோம்.

பீடி இலையில் சுற்றியது, ஆகையால் சிகரெட்டைவிடச் சாது என்று மேஸ்திரி நெடுநாள் நம்பியிருந்தார். அது பெரும் பிசகு. அணையாமலிருக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க வேண்டியிருப்பதால், பீடியின் நஞ்சு சிகரெட்டின் நஞ்சுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதிலும் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த மார்புக்குப் புகை இரட்டைச் சுமை.

மேஸ்திரி சொன்ன விஷயம் ஒன்று என்னை வெகுவாகச் சிந்திக்க வைத்தது. பஞ்சாலைக்குள்ளே நெருப்புக்கு இடமில்லை. ஷிப்டு முழுவதும் ஒரு பீடிகூட இல்லாமல் அவர் வேலை பார்த்திருக்கிறார்; அப்போது பெரிய தவிப்பு ஒன்றுமில்லையாம். சங்கு ஊதி, கேட்டைத் தாண்டி, டீக்கடை பெஞ்சையும் அங்கே உட்கார்ந்திருக்கும் கூட்டாளிகளையும் கண்டதும்தான் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்! அப்படியானால் நம்மைப் பிடித்திருப்பது நிக்கோட்டின் மட்டுந்தானா? நிக்கோட்டின் பொல்லாததுதான். உள்ளே இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அதை நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று தினங்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிகின்றன. ஆனால் அந்த பெஞ்சும், டீ டம்ளரும், கூட்டாளியும் வருஷக்கணக்காக அங்கேயே காத்திருக்கின்றனவே! ஒரு கூட்டத்தால் வந்த பழக்கத்துக்கு இன்னொரு கூட்டந்தான் மாற்று என்று எங்களுக்குத் தோன்றிற்று.

எங்கள் கூட்டம் நால்வரைக் கொண்டது. மூன்றாமவர் ஒரு தையற்காரர்; புகையை விட்டு ஆறு வருஷமானவர்; ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். நாலாமவன் பம்புப் பட்டறையில் லேத் ஓட்டும் இளைஞன். எங்களுக்குச் சில நாள் பிந்தி வந்து சேர்ந்தான். சங்கத்துக்குப் பெயர் இல்லை, சந்தா இல்லை, தலைவர் இல்லை. ஆகையால் சண்டையும் இல்லை. விதிகள் மூன்று. காலை ஆறு மணிக்கு ஒவ்வொருவரும் தமக்கு எத்தனையாவது நாள் என்று சொல்ல வேண்டும். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யக்கூடாது. எந்த வேளையில் தவிப்பு வந்தாலும், புகைக்கும் முன் மற்றவர்களில் ஒருவரைக் கைப்பேசியில் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது விதியே எங்களை அதிகமாகக் காப்பாற்றிற்று. தவிப்பு என்பது அலையைப்போல எழுந்து சில நிமிஷங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிஷங்களைக் கடத்த ஒரு குரல் போதும். ஓர் இரவு பத்தரை மணிக்கு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "வாத்தியாருங்களே, ஏதாச்சும் பேசுங்க" என்றார். எனக்கு வேறொன்றும் தோன்றாமல், ஏழாம் வகுப்புக்கு மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தை நடத்தினேன். பத்து நிமிஷத்தில், "போதுமுங்க, தூக்கம் வந்துருச்சு" என்றார். என் பாடத்துக்கு அந்தச் சக்தி உண்டென்பது என் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

டீக்கடைக்குப் பதிலாகச் சுக்குமல்லிக் காபி விற்பவரிடம் போனோம். சட்டைப் பையில் தீப்பெட்டி இருந்த இடத்தில் ஏலக்காயும் கடலை மிட்டாயும் குடியேறின. நாட்கள் ஓடின.

இப்போது என் குற்றம். நாற்பத்தொன்றாம் நாள், பரீட்சைத் தாள் திருத்துவதற்காக வெளியூர் போயிருந்தேன். மாலையில் பழைய சிநேகிதர்கள், பழைய டீக்கடை, பழைய சிரிப்பு. ஒருவர் பெட்டியை நீட்டினார். கைப்பேசி என் பையிலேயே இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. ஒன்றே ஒன்றுதான் பிடித்தேன். திரும்பி வந்து, குளக்கரையில் என் முறை வந்ததும், "நாற்பத்து மூன்று" என்றேன். மற்றவர்கள் சந்தோஷப்பட்டார்கள். லேத் தம்பி, "உங்களப் பாத்துத்தானுங்க நானும் தாக்குப் பிடிக்கிறேன்" என்றான். அந்த ஒரு சிகரெட்டைவிட அந்த வார்த்தைதான் என் மார்பை அதிகமாக அடைத்தது. இருந்தாலும் மறுநாள் "நாற்பத்து நான்கு" என்றேன். அதற்கு மறுநாள் "நாற்பத்தைந்து."

அதற்கடுத்த நாள் மேஸ்திரி வரவில்லை. கூப்பிட்டாலும் பதிலில்லை. மாலையில் நாங்கள் மூவரும் அவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"எழவு ஊட்டுக்குப் போனனுங்க. பங்காளிக எல்லாரும் பத்த வெச்சாங்க. நானும் ரெண்டு இழுத்துப் போட்டேன். உங்க கூட உக்காரத் தகுதியில்லீங்க எனக்கு. இனி என்னைக் கூப்புடாதீங்க. மறுபடியும் பீடிக்கே போயர்றேன்."

அறுபது வயதைத் தாண்டிய மனிதர். இரண்டு பீடியின் வெட்கத்தால், இனி இருநூறு பீடி பிடிக்கப் போகிறேன் என்கிறார். அவருக்கு எதிரே, அதே குற்றத்தைச் செய்துவிட்டு நாற்பத்தைந்து என்று எண்ணிக்கொண்டிருக்கும் நான் நிற்கிறேன். ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. கடைசியில் உண்மைதான் வந்தது. "அண்ணா, நான் உங்களுக்கு முன்னமே விழுந்தவன். விழுந்ததோடு பொய்யும் சொன்னவன்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, இருமலும் சிரிப்பும் கலந்து, "அப்படீன்னா நாளைக்கு ரெண்டு பேருக்கும் ஒண்ணாம் நாளுங்க!" என்றார். தையற்காரர் அன்றைக்குரிய பத்து வார்த்தைகளையும் தாண்டிப் பேசினார்: "இந்த ஆறு வருசத்துக்கு முன்னால நாலு தடவ ஒண்ணாம் நாள் பாத்தவனுங்க நான்." அதுவரை அவரை வழுக்காத மலையென்று நினைத்திருந்தோம்! ஆனால் லேத் தம்பி ஒன்றும் பேசவில்லை. என் முகத்தைப் பாராமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. நான் விழுந்தது என்னோடு போயிற்று. என் பொய்யை நம்பியிருந்த பிள்ளை விழுந்தால் அதற்கு யார் ஜவாப்தாரி?

மறுநாள் ஆறு மணிக்கு அவன் வந்தான். மேஸ்திரி "ஒண்ணு" என்றார். நானும் "ஒன்று" என்றேன். கணக்குப்படி பார்த்தால் எனக்கு ஐந்தாறு நாட்கள் ஆகியிருந்தன. பொய் சொன்ன நாட்களைச் சேர்த்துக்கொள்ள மனம் வரவில்லை. தம்பி சற்று நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "முப்பத்தெட்டுங்க" என்றான். பிறகு மெல்லச் சொன்னான்: "நேத்து ராத்திரி கடை வரைக்கும் போனனுங்க. வாத்தியாருக்கே முடியலீன்னா நமக்கெதுக்குன்னு கோவம். அப்புறம், பெரியவங்க ரெண்டு பேரும் காலைல ஒண்ணுன்னு சொல்லப்போறாங்களேன்னு நெனச்சேன். அதக் கேக்கோணும்னு திரும்பிட்டேன்."

அன்று எங்கள் விதிகளோடு நாலாவது ஒன்று சேர்ந்தது: விழுந்ததையும் சொல்ல வேண்டும், சொன்னவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக்கூடாது. ஒரு சிகரெட் பிடித்துவிட்டால் நோன்பு தொலைந்தது என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணந்தான் ஒன்றை ஒன்பதாக்குகிறது. பலர் முழுதாக விடுவதற்கு முன் பலமுறை முயன்று தவறியவர்களே.

எங்கள் திண்ணை ஞானத்துக்குச் சாஸ்திரமும் துணை நிற்கிறது. அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரை மையமாகக் கொண்டு நடந்த இருதய ஆராய்ச்சியில், 1971 முதல் 2003 வரை 12,067 பேரின் உறவையும் நட்பையும் வரைபடமாக்கிப் பார்த்தார்கள். கிறிஸ்டாகிஸ், பௌலர் என்ற இருவர் 2008-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். கணவன் மனைவியரில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவிகிதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36 சதவிகிதம். உடன்பிறந்தார் விட்டால் 25 சதவிகிதம். மனிதர்கள் தனித்தனியாக அல்ல, கூட்டங் கூட்டமாகவே விட்டிருக்கிறார்கள். தானாகவே படித்து விட முயல்கிறவர்களைவிட, குழுவாகச் சேர்ந்து பயிற்சி பெறுகிறவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு வெற்றி பெறுவதாகவும் ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

துணையில்லாதவன் கதையும் ஒன்று உண்டு. குடியை விட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கும் சங்கத்தை 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இருவரில் ஒருவர் பில் வில்சன். உலகெங்கும் எண்ணற்ற குடியரைக் கரையேற்றிய முறை அது. அவரோ சிகரெட்டை வெகுகாலம் விட முடியாமல், நுரையீரல் நோய் முற்றி 1971-இல் மாண்டார். அவர் கண்ட முறையையே பின்பற்றிப் புகையை விடுவோர் சங்கம் தோன்றியது 1980-களில். மருந்தைக் கண்டவருக்கு அந்த மருந்து வாய்க்கவில்லை.

"இத்தனை வருஷம் பிடித்தாயிற்று, இனி விட்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ரிச்சர்டு டால் என்ற ஆங்கில நிபுணர், தம் ஆராய்ச்சி முடிவைக் கண்டு தாமே புகையை விட்டவர். பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்து, 2004-இல் அவரும் சகாக்களும் கூறியது இது: முப்பது வயதில் விட்டவருக்கு ஆயுளில் சுமார் பத்து வருஷம் மிச்சம், நாற்பதில் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று. மூன்று வருஷம் சொற்பமா? மேஸ்திரியைக் கேளுங்கள். பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க அது போதும் என்பார்.

வீட்டிலுள்ள தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் மாதத்தில் அவர் எரிந்து விழுந்தால், "இதைவிட நீங்கள் பிடித்துக்கொண்டே இருந்திருக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வாக்கியத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். சட்டைப் பையைச் சோதிக்காதீர்கள். "இன்று எத்தனையாவது நாள்?" என்று கேளுங்கள். விட்டவர்கள் நாலு பேரோடு அவர் உட்கார ஒரு மணி நேரம் விட்டுக்கொடுங்கள். கூட்டம் கிடைக்காதவர்களுக்கு, மத்திய சர்க்கார் 2016-இல் தொடங்கிய இலவசத் தொலைபேசி ஆலோசனை இருக்கிறது, எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம். சிகரெட்டுப் பெட்டியின் மேலேயே அந்த எண்ணை அச்சடித்திருக்கிறார்கள். பெட்டியைத் தூர எறிவதற்கு முன் அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் இன்று காலை மேஸ்திரிக்கு நானூற்றுப் பதினொன்று. எனக்கும் நானூற்றுப் பதினொன்று. லேத் தம்பிக்கு நானூற்று நாற்பத்தெட்டு. முப்பத்தேழு நாள் மூத்தவன் என்ற உரிமையில் எங்களை "வாங்க தம்பிகளா" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறான். வாத்தியாருக்கு இது மரியாதைக் குறைவுதான். ஆனாலும் நாளைக் காலை ஆறு மணிக்கு அந்தக் குரலைக் கேட்கப் போகத்தான் போகிறேன்.