காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஹவுஸ்ஃபுல் பலகை

2018 நவம்பரில் சிட்னியில் பிராட்ஃபீல்ட் சொற்பொழிவு நடந்தது. நகரத்தின் நாளையைப் பற்றிப் பேசுவதற்கென்றே ஏற்பட்ட மேடை அது. அன்றைய பிரதமர் ஸ்காட் மோரிசன் எழுந்தார். சாலையெல்லாம் அடைத்துக் கிடக்கிறது, பஸ்ஸும் ரயிலும் நிரம்பிவிட்டன, பள்ளிகளில் இடமில்லை, சிட்னிக்காரர்களும் மெல்போர்ன்காரர்களும் போதும் போதும் என்கிறார்கள் என்றார். நான்கு மாதம் கழித்து நிரந்தரக் குடியேற்றத்தின் ஆண்டு உச்சவரம்பை 1,90,000இலிருந்து 1,60,000ஆகக் குறைக்கும் அறிவிப்பு வந்தது.

அந்த மேடைக்குப் பெயர் கொடுத்த ஜான் பிராட்ஃபீல்ட் யாரென்று அவையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பேசியவருக்கும் தெரிந்திருக்கும் என்றே நம்புவோம். சிட்னி துறைமுகப் பாலத்துக்காகக் காலமெல்லாம் வாதாடிய பொறியாளர் அவர். 1932இல் பாலம் திறந்தபோது ஊரில் இருந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர். அவர்களுக்காக ஆறு வண்டித்தடம், இரண்டு ரயில் பாதை, இரண்டு டிராம் பாதை. கட்டிய கடனைச் சுங்கம் வசூலித்து அடைத்து முடித்தது 1988இல். அடைத்தவர்களில் பலர் பாலம் திறந்த நாளில் பிறந்திருக்கவே இல்லை. இன்னும் பலர் கப்பலேறி அந்த நாட்டுக்கு வந்திருக்கவில்லை. அப்படிப்பட்டவர் பெயர் தாங்கிய மேடையில் நின்றுகொண்டுதான் “இனி வராதீர்கள்” என்ற பேச்சு.

மோரிசனுக்கு இதில் முதல் மரியாதை கிடையாது. 2000ஆம் ஆண்டிலேயே நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் பாப் கார், சிட்னி நிரம்பிவிட்டது என்று அறிவித்துவிட்டார். ஒருவர் தொழிற்கட்சி, மற்றவர் எதிரணி. ஹவுஸ்ஃபுல் பலகையை மாட்டுவதில் மட்டும் கட்சிப் பேதம் இல்லை. இன்று நகர மையத்தை ஒட்டிய எந்தப் பேட்டையில் ஓர் அடுக்குமாடிக்கு மனுப் போட்டாலும் அதே பலகை வெளியே வந்துவிடும். அதன் புதிய வாசகம் இன்னும் நாகரிகமானது: “முதலில் உள்கட்டமைப்பு, அப்புறம் ஆட்கள்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இது எந்த அளவுக்கு நிற்கும் என்று பார்க்க, சிட்னி மையத்துக்குத் தெற்கே ஒரு நான்கு கிலோமீட்டர் போனால் போதும்.

கிரீன் ஸ்கொயர். ஸெட்லாண்ட், பீக்கன்ஸ்ஃபீல்ட், வாட்டர்லூ, அலெக்ஸாண்ட்ரியா, ரோஸ்பரி ஆகியவற்றின் பகுதிகளைச் சேர்த்து 278 ஹெக்டேர். ஒரு காலத்தில் சதுப்பு. அப்புறம் குதிரைப் பந்தய மைதானம். அப்புறம் கார் தொழிற்சாலை. லேலண்ட் பி76 என்ற கார் இங்கேதான் உருவானது, 1975இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் கிடங்குகளும் தகரக் கொட்டகைகளும். இப்போது ஸெட்லாண்டில் மட்டும், 2021 கணக்கெடுப்பின்படி, 12,000 பேருக்கு மேல். முழுப் பகுதியும் கட்டி முடிந்தால் 60,000 பேரளவில் வசிப்பார்கள் என்பது திட்டம். ஹவுஸ்ஃபுல் கோஷ்டி விரல் நீட்டிக் காட்டும் இடமும் இதுதான். நல்லது, அங்கேயே நின்று பேசலாம்.

வாதம் ஒன்று: இடமே இல்லை. 1911இல் ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 4.5 பேர். 2021இல் 2.5 பேர். அதே எண்ணிக்கை ஆட்கள் குடியிருக்கவே ஏறக்குறைய இருமடங்கு வீடு வேண்டும். தாத்தா காலத்தில் ஐந்து பிள்ளைகளும் ஒரு வாடகைக்காரரும் படுத்த வீட்டில் இன்று இரண்டு பேரும் ஒரு நாயும் இருந்துகொண்டு, தெரு நிரம்பிவிட்டது என்கிறார்கள். இத்தனைக்கும் கிரீன் ஸ்கொயர் கட்டி முடிந்தாலும் அதன் நெருக்கம் பாரிஸை ஒட்டியே இருக்கும். ஆறு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் பாரிஸ் தெருவில் விடுமுறைக்குப் போய்ப் படம் எடுத்துத் திரும்பியவர்தான், தன் தெருமுனையில் ஆறு மாடி எழுவதை எதிர்த்துக் கையெழுத்து வாங்குகிறார்.

வாதம் இரண்டு: வந்தேறிகளால்தான் வீட்டு விலை ஏறுகிறது. இதைச் சோதித்துப் பார்க்க எந்த அரசும் துணியாது; கொரோனா துணிந்தது. 2020 மார்ச்சில் நாட்டின் எல்லை மூடப்பட்டது. 2020–21 நிதியாண்டில் வந்தவர்களைவிட வெளியேறியவர்களே அதிகம். வாதம் சரியென்றால் விலை விழுந்திருக்க வேண்டும். 2021ஆம் ஆண்டில் நாடெங்கும் வீட்டு விலை 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதம் அப்போது 0.1 சதவீதம். விமான நிலையம் வெறிச்சோடிக் கிடந்த காலத்தில், சனிக்கிழமை ஏலங்களில் கையைத் தூக்கி விலையை ஏற்றியவர்கள் யார்? நகர மையத்தில் வாடகை கொஞ்சம் இறங்கியதே என்பார்கள். இறங்கியது, சரி.

வாதம் மூன்று: கார் நிறுத்த இடமில்லை. ரயில் நிலையத்துக்கு மேலேயே வீடு கட்டுவது எதற்காக என்று இவர்கள் நினைக்கிறார்களோ தெரியவில்லை.

வாதம் நான்கு: ஊரின் பழைய முகம் போய்விடும். பழைய முகம் எது? பாடிங்டனின் இரும்புப் பூவேலைப் பால்கனிகளை இன்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். 1948இல் வந்த கம்பர்லாண்ட் கவுண்டித் திட்டம் அதே பாடிங்டனைச் சேரிப் பட்டியலில் சேர்த்து, இடித்துக் கட்டலாம் என்றது. 1964இல் குடியிருப்பாளர்கள் சங்கம் அமைத்துப் போராடிக் காப்பாற்றினார்கள். அது நியாயமான போராட்டம். ஆனால் ஸெட்லாண்டில் காப்பாற்ற இருந்தது என்ன? கார் ஆலையின் தகரக் கூரையா?

வாதம் ஐந்து: அவசரமாகக் கட்டிய அடுக்குமாடிகள் விரிசல் விடுகின்றன. இது மட்டும் உண்மை. 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஓப்பல் டவரிலிருந்தும், 2019 ஜூனில் கிரீன் ஸ்கொயருக்கு அடுத்த ரயில் நிலையத்தை ஒட்டிய மாஸ்காட் டவர்ஸிலிருந்தும் மக்கள் மூட்டை முடிச்சோடு வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் கட்டடம் சரியில்லை என்றால் சோதிக்கிறவரைச் சரிசெய்ய வேண்டும். அந்த ஆண்டே மாநில அரசு கட்டட ஆணையரை நியமித்தது. அடுத்த ஆண்டு சட்டங்களும் வந்தன. சோறு குழைந்துவிட்டது என்பதற்காக யாரும் அடுப்பையே உடைப்பதில்லை.

இனி பெரிய வாதத்துக்கு வரலாம்: முதலில் உள்கட்டமைப்பு, அப்புறம் ஆட்கள்.

இதைச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை வசதியாக மறந்துவிடுகிறார்கள். கிரீன் ஸ்கொயரில் அப்படியேதான் செய்தார்கள். 2000 மே மாதம் விமான நிலைய ரயில் பாதை திறந்தது. கிரீன் ஸ்கொயர் நிலையமும் அன்றே திறந்தது. பூமிக்கடியில் பளபளவென்று புது நிலையம். மேலே ஏறி வந்தால் நாற்சந்தி, கிடங்குகள், காலி மனைகள். உள்கட்டமைப்பு வந்தாயிற்று, ஆட்கள்தான் இல்லை. அந்தப் பாதையின் நான்கு நிலையங்களை நடத்த உரிமை பெற்றிருந்தது ஒரு தனியார் நிறுவனம். செப்டம்பரில் ஒலிம்பிக் வந்தது, உலகமே விமான நிலையத்தில் வந்து இறங்கியது. அப்படியும் எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. திறந்து ஆறே மாதத்தில், நவம்பரில், அந்த நிறுவனம் கடன் கொடுத்தவர்களின் பொறுப்பாளர் கைக்குப் போய்விட்டது.

ஊர் நிரம்பிவிட்டது என்று முதல்வர் சொன்ன அதே ஆண்டு, அதே ஊரில், ஏற ஆளில்லாமல் ஒரு ரயில் நிறுவனம் திவாலானது. ஹவுஸ்ஃபுல் பலகைக்குப் பின்னால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

அதோடு கதை முடியவில்லை. நிலையத்துக்குள் நுழைய டிக்கெட்டுக்கு மேல் தனிக் கட்டணம் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. பக்கத்து ரெட்ஃபெர்ன் நிலையத்தில் இல்லாத கட்டணம். எனவே வந்து சேர்ந்த சில ஆயிரம் பேரும் பஸ்ஸைப் பிடித்தார்கள், அல்லது ரெட்ஃபெர்னுக்கு நடந்தார்கள். 2011 மார்ச்சில் மாநில அரசு அந்தக் கட்டணத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. அதற்குள் சுற்றிலும் வீடுகளும் எழுந்திருந்தன. பயணிகள் கூட்டம் விறுவிறுவென்று ஏறியது. இன்று காலை எட்டு மணிக்கு அந்த நடைமேடையில் நின்று பார்க்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து வரும் ரயில் கதவைத் திறக்கிறது. உள்ளே சக்கரம் வைத்த பெட்டிகள் வழியை அடைத்து நிற்கின்றன. அலுவலகம் போகிறவர்கள் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே காலை நுழைத்து ஏறுகிறார்கள். நெரிசல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆளில்லாமல் நொடித்த பாதையில் இன்று நிற்க இடமில்லை என்றால், அந்தப் பாதையைப் பிழைக்க வைத்தது எது? 2024 ஆகஸ்டில் பக்கத்து வாட்டர்லூவில் மெட்ரோ நிலையம் திறந்ததற்கு எது காரணமோ, அதேதான்.

பள்ளிக்கூடக் கதை இன்னும் சுவாரஸ்யம். நிரம்பிவிட்டது என்று சொன்ன பாப் காரின் அரசே அடுத்த ஆண்டு நகர மையப் பள்ளிகளைக் கணக்கெடுத்தது. பிள்ளைகள் போதவில்லை. ரெட்ஃபெர்ன், வாட்டர்லூ, அலெக்ஸாண்ட்ரியா ஆரம்பப் பள்ளிகளும் கிளீவ்லாண்ட் தெரு உயர்நிலைப் பள்ளியும் ஒன்றாக இணைக்கப்பட்டு, 2003இல் அலெக்ஸாண்ட்ரியா பார்க் பள்ளி ஆனது. ரெட்ஃபெர்ன் பள்ளி வளாகம் கைமாறிப் பூர்வகுடிகளுக்கான மையமாகிவிட்டது. பிறகு என்ன ஆயிற்று? அடுக்குமாடிகளில் குடியேறிய இளம் தம்பதிகளுக்குப் பிள்ளைகள் பிறந்தன. 2020இல் கிளீவ்லாண்ட் தெருவின் பழைய பள்ளி வளாகத்தில் 1,200 மாணவர்களுக்காக மாடிமேல் மாடியாக ஒரு புதிய உயர்நிலைப் பள்ளியை அரசே கட்டித் திறந்தது. கூட்டம் வந்ததால் பள்ளி கெட்டது என்கிறார்கள். ஆள் இல்லாததால் மூடியதும், ஆள் வந்ததால் திறந்ததும் அரசின் பதிவேட்டிலேயே இருக்கின்றன.

நூலகமும் நீச்சல் குளமும் அப்படியே. நியூ சவுத் வேல்ஸில் நகரசபைகள் சொத்துவரியை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது; 1977 முதல் மாநில அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. புதிய வசதிக்குப் பணம் வரும் முக்கியமான வழி, கட்டுநர்களிடம் ஒவ்வொரு புது வீட்டுக்கும் வசூலிக்கும் பங்களிப்புத் தொகை. வீடே கட்டாதே, நூலகத்தைக் கட்டு என்பது, உலையை ஏற்றாதே, சோறு போடு என்பதைப் போல.

2018இல் திறந்த கிரீன் ஸ்கொயர் நூலகத்தை மேலிருந்து பார்த்தால் நூலகம் என்றே தெரியாது. ஒரு சதுக்கம், அதில் முக்கோணக் கண்ணாடிக் கூடு, தரையில் வட்டவட்டமாகக் கண்ணாடிக் கண்கள். கூட்டுக்குள் நுழைந்து படியிறங்கினால் அடியில் அத்தனை புத்தகங்கள், நடுவே வானம் பார்த்த வட்டத் தோட்டம். மேலே சதுக்கத்தில் ஸ்கூட்டர் ஓட்டும் குழந்தையின் நிழல், கீழே வாசிப்பவரின் பக்கத்தைத் தாண்டிப் போகும். 2021இல் குன்யாமா பூங்காவில் 50 மீட்டர் நீச்சல் குளம் திறந்தது. பழைய சதுப்பின் வெள்ளம் வடிய இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெருவடிகால் அலெக்ஸாண்ட்ரா கால்வாய் வரை போடப்பட்டது. கிடங்குகள் நின்ற காலமெல்லாம் மழைக்குச் சாலை மூழ்கியபோது இந்த வடிகாலைப் போட யாருக்கும் தோன்றவில்லை.

மையம் கதவடைத்தால் வருகிறவர்கள் வராமல் இருந்துவிடுவதில்லை. நகரத்தின் ஓரத்துக்குப் போகிறார்கள். வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வேரூன்றிய சிட்னித் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்களின் பிள்ளைகள் வீடு தேடி இன்னும் மேற்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே சாலை, குழாய், பள்ளி எல்லாம் முதலிலிருந்து போட வேண்டும். மாநில உற்பத்தித்திறன் ஆணையம் 2023இல் போட்ட கணக்கின்படி, புறநகர் ஓரத்தில் ஒரு வீட்டுக்கு ஆகும் உள்கட்டமைப்புச் செலவு மையத்தை ஒட்டிய பகுதியைவிட 75,000 டாலர் வரை கூடுதல். அடுத்த ஆண்டு அதே ஆணையம் இன்னொன்றும் சொன்னது: 2016க்கும் 2021க்கும் இடையில் 30 முதல் 40 வயதுக்காரர்களில் சிட்னிக்கு வந்தவர்கள் 35,000, விட்டுப் போனவர்கள் 70,000. உள்கட்டமைப்பின் மீது அக்கறையுள்ளவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த அறிக்கைகளைத்தான்.

நிலையத்தைச் சுற்றி வீடு, ஒழுங்கான சோதனை, வசூலித்த பணத்தை வசூலித்த இடத்திலேயே செலவிடும் நகரசபை. இவை போதும், இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

அடுத்த முறை ஏதாவது நகரசபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, எங்கள் ஊர் நிரம்பிவிட்டது என்றால், எந்த ஆண்டிலிருந்து என்று மட்டும் கேளுங்கள். 2000இல் பலகை மாட்டியபோது சிட்னியில் இருந்தவர்கள் ஏறத்தாழ 40 லட்சம். 2021 கணக்கெடுப்பில் 52 லட்சம். ரெட்ஃபெர்ன் பள்ளியை மூடியது முதல் எண்ணிக்கை இருந்த காலத்தில்.