இந்த வருஷம் கயிறு பிடிக்க என்னைக் கூப்பிடாதீங்க



கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். இது என்னோட சொந்தக் கருத்து, ஆலய நிர்வாகத்தோட கருத்து இல்லை. தலைவரோ செயலாளரோ என்மேல வருத்தப்பட வேண்டாம். கோவில் தொண்டனுக்கு அரசியல் எதுக்குன்னு கேக்கிறவங்க முழுசாப் படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

நம்ம கோவில்ல மாலை கட்டுற பெரியம்மாவை உங்க எல்லாருக்கும் தெரியும். பேர் போட வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கெல்லாம் மடப்பள்ளிக்குப் பக்கத்துல பாயை விரிச்சு உக்காந்துடுவாங்க. அம்மனுக்கு ஒரு மாலை, பிள்ளையாருக்கு ஒண்ணு, மிச்சப் பூவுல வர்ற பொம்பளைப் பிள்ளைகளுக்குத் தலைக்கு. மூணு வாரமா ஆளைக் காணோம், ஊருக்குப் போயிட்டாங்களான்னு நிறைய பேர் கேட்டீங்க. ஊருக்குப் போகலை. வலது கால்ல ரெண்டு விரலை எடுத்துட்டாங்க.

இனிப்பு நீர் நம்ம ஆளுங்களுக்குப் புதுசு இல்லை. நாட்டுல மூணு பெரிய இனத்துல இந்தியர்களுக்குத்தான் அது அதிகம்னு சுகாதார அமைச்சோட ஆய்வே ஒவ்வொரு தடவையும் சொல்லுது. பெரியம்மா கால்ல செருப்பு உராசி ஒரு சின்னப் புண். மஞ்சள் வச்சிருக்காங்க, ஆறலை. கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனப்போ, இங்க பாக்க முடியாது, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கன்னு கடுதாசி எழுதிக் குடுத்துட்டாங்க. மகன் ஜொகூர்ல வேலை. அதனால நான் லீவு போட்டு கூட்டிட்டுப் போனேன். கிளாங் பள்ளத்தாக்குல ஒரு பெரிய அரசாங்க மருத்துவமனை. எதுன்னு வேண்டாம். எங்க போனாலும் இதே கதைதான்னு உங்களுக்கே தெரியும்.

காலையில பத்து மணிக்குப் பதிவு பண்ணினோம். முதல்ல பச்சைப் பகுதி, அப்புறம் காய்ச்சல் இருக்குன்னு மஞ்சள் பகுதி. உக்காரவே இடம் இல்லை. ஒரு மலாய்க்காரத் தம்பி எழுந்து பெரியம்மாவுக்கு நாற்காலி குடுத்தான், அவன் கையிலேயும் கட்டு. மத்தியானம் ரத்தம் எடுத்தாங்க. ராத்திரி எட்டு மணிக்கு டாக்டர் பாத்தார். வார்டுல கட்டில் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு மணிக்கு நடைபாதையில ஒரு தள்ளுக்கட்டில் கிடைச்சது. தலைமாட்டுல ஒரு சீனக் கிழவர், கால்மாட்டுல ஒரு சின்னப் பையன். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வார்டு. பத்து மணியிலிருந்து நாலு மணி, 30 மணி நேரம். அதுல பெரியம்மா ஒரு தடவைகூட முணுமுணுக்கலை. "தம்பி, நீ போய் சாப்பிட்டு வா"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

முணுமுணுத்தது நான்தான். முணுமுணுக்கலை, கத்தினேன். ராத்திரி பதினொரு மணி இருக்கும், ஒரு சின்ன டாக்டர் பொண்ணு அந்தப் பக்கம் போச்சு. நம்ம பொண்ணுதான். "ஆடு மாடு மாதிரி போட்டு வச்சிருக்கீங்களே, உங்க அம்மாவா இருந்தா இப்படி விடுவீங்களா"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். அந்தப் பொண்ணு பதில் பேசலை. "சாரி அங்கிள், உள்ளேயே இன்னும் நிறைய பேர் கட்டிலுக்குக் காத்திருக்காங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு தண்ணி பிடிக்கப் போனப்போ படிக்கட்டுக்குப் பின்னாடி அதே பொண்ணு நின்னுக்கிட்டே ரொட்டி தின்னுது. ஒரு கையில ரொட்டி, ஒரு கையில கைப்பேசியில எதையோ பாத்து எழுதுது. காலையில பத்து மணிக்குப் பெரியம்மாவைப் பதிவு பண்ணினப்போ அங்க நின்னுக்கிட்டிருந்ததும் இந்தப் பொண்ணுதான். எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்தது.

நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். 30 வருஷமா தொழிற்சாலை, அதுல 17 வருஷம் சூப்பர்வைசர். எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒண்ணுதான்: 12 பேர் நிக்க வேண்டிய லைன்ல 7 பேரை நிக்க வச்சா சரக்கு தேங்கும், பழுது வரும். அப்போ ஆபரேட்டரைத் திட்டுற சூப்பர்வைசர் மடையன். அந்த ராத்திரி அந்த மடையன் நான்தான். பொண்ணுகிட்ட போய் மன்னிப்பு கேட்டேன். "பரவாயில்லை அங்கிள், தினமும் கேக்கிறதுதான்"ன்னு சிரிச்சுது.

நடைபாதையில உக்காந்து வேற வேலை இல்லாம கணக்குப் போட்டேன். இந்த டாக்டருங்களை 2016 கடைசியிலிருந்து ஒப்பந்தத்துலதான் எடுக்கிறாங்க. முன்னாடி மாதிரி சேர்ந்த உடனே நிரந்தரம் கிடையாது. 2021 ஜூலை 26ஆம் தேதி கறுப்புச் சட்டை போட்டு வெளியில வந்து நின்னாங்களே, ஞாபகம் இருக்கா? அது இதுக்குத்தான். ஆன்-கால் பார்த்தா ஒரு மணி நேரத்துக்கு 9 வெள்ளிச் சில்லறைதான் வருதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2025 வரவு செலவுத் திட்டத்துல அதை ஏத்தித் தர்றதா அறிவிச்சாங்க, சரி. ஆனா என் லைன்ல நேத்து சேர்ந்த ஆபரேட்டரைப் பாருங்க. குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளின்னா மணிக்கு 8 வெள்ளி 17 காசு. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 12 வெள்ளிக்கு மேல. பெட்டி ஒட்டுறதுக்கு 12, உயிரைக் காப்பாத்த 9ன்னு இருந்தது. அப்புறம் ஏன் பிள்ளைகள் சிங்கப்பூருக்குப் போறாங்கன்னு கேட்டா என்ன பண்றது.

இப்போ நம்ம ஒய்.பி.க்கள் கதை. நாடாளுமன்ற உறுப்பினருக்கு மாசம் 16,000 வெள்ளி. 2015க்கு முன்னாடி 6,508தான், ஒரே தாவுல 16,000. சபைக்கு வந்து உக்காந்தா அந்த நாளுக்குத் தனியா 400 வெள்ளி. என் ஆபரேட்டருக்கு அது ஆறு நாள் சம்பளம். பெட்ரோல், டோல், கைப்பேசி, உபசரிப்பு எல்லாத்துக்கும் வேற அலவன்ஸ். மூணு வருஷம் இருந்தாலே 50 வயசுல ஓய்வூதியம் உண்டு. எனக்கு இ.பி.எப். காசை முழுசா எடுக்க 55 ஆக வேண்டியிருந்தது.

நியாயத்தையும் சொல்லணும். இப்போதைய பிரதமர் அந்தப் பதவிக்கான சம்பளத்தை வாங்கலை. அமைச்சர்களும் 2022 கடைசியில 20 விழுக்காடு குறைச்சுக்கிட்டாங்க. நல்ல விஷயம்தான், மறைக்கக் கூடாது.

என் மச்சான் ஒருத்தர் இருக்கார், எல்லாத்துக்கும் கணக்குக் கேப்பார். "222 பேருக்கும் சம்பளமே குடுக்கலைன்னு வச்சுக்க, ஆஸ்பத்திரி சரியாயிடுமா?"ன்னு கேட்டார். போட்டுப் பாத்தேன். 16,000ஐ 222ஆல பெருக்கி, 12 மாசத்துக்கு 42.6 மில்லியன் வெள்ளி. 2025ல சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கினது 45.3 பில்லியன். அதாவது எல்லா எம்.பி.க்களோட ஒரு வருஷ சம்பளமும் சேர்ந்து அந்த அமைச்சு எட்டு மணி நேரத்துல செலவு பண்ற காசு. என்னோட ஒரு ஷிப்ட், அவ்வளவுதான். மச்சான் சொன்னது சரி. அவங்க சம்பளத்தை வெட்டினா ஒரு மருத்துவமனையும் எழும்பாது. அதனால, பேஸ்புக்ல தினமும் "சம்பளத்தை வெட்டு, கட்டில் வாங்கு"ன்னு எழுதுறவங்களோட நான் சேர மாட்டேன்.

எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. அந்த 30 மணி நேரத்துல அந்த நடைபாதையில எல்லாரும் இருந்தாங்க. லோரி ஓட்டுறவர், ஓய்வு பெற்ற வாத்தியார், வங்காளதேசத்துத் தம்பி, பிள்ளையை இடுப்புல வச்ச அம்மா. ஒய்.பி. இல்லை. இத்தனை வருஷத்துல நான் எத்தனையோ தடவை அரசாங்க மருத்துவமனையில காத்திருந்திருக்கேன், என் அம்மாவுக்கு, என் மனைவிக்கு ரெண்டு பிரசவத்துக்கு. ஒரு ஒய்.பி.யோ அவர் வீட்டு ஆளோ கையில நம்பரை வச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்து நான் பாத்ததே இல்லை. பார்வையிட வந்து பாத்திருக்கேன். முன்னாடி நாள் நடைபாதையைக் காலி பண்ணி வச்சிருப்பாங்க, தரை பளபளன்னு இருக்கும். நடைபாதையில ஒரு ராத்திரி படுத்தவன் சபையில எழுந்து பேசினா, அந்தப் பேச்சே வேற மாதிரி இருக்கும். 16,000 வெள்ளி சம்பளத்துல அந்த ராத்திரி அவனுக்கு வரவே வராது. நான் சம்பளத்தைப் பத்திப் பேசுறது அதனாலதான்.

இன்னொரு திட்டம் இருக்கு, ராக்கான் கேகேஎம்னு. அரசாங்க மருத்துவமனையிலேயே, காசு கட்டினா நிபுணர் டாக்டரை சீக்கிரம் பாக்கலாமாம். நிபுணர்கள் தனியாருக்கு ஓடாம இருக்க இது உதவும்னு சொல்றாங்க. இருக்கலாம். எனக்கு இதுவும் இன்னொரு கயிறு மாதிரித்தான் தெரியுது.

கயிறுன்னதும் சொல்லிடுறேன். போன வருஷம் ஆடித் திருவிழா. பால்குடம் எடுத்துக்கிட்டு நம்ம பொம்பளைங்க வாசல்ல நிக்கிறாங்க, மணி பத்தரை, தார்ச்சாலை, வெறுங்கால். ஒய்.பி. வர்றார்னு வரிசையை நிறுத்தினோம். கயிறு பிடிச்சது யாரு? நான்தான். சிவப்புச் சட்டை, கழுத்துல அட்டை, பெருமையா நின்னேன். அவர் இறங்கி, போட்டோ எடுத்து, பெரிய அட்டைக் காசோலையைக் குடுத்து, உள்ள போய், அர்ச்சனை முடிச்சு, மாலை போட்டு, பரிவட்டம் கட்டி வெளியில வர்ற வரைக்கும் கயிறை இறக்கலை. ஒரு அக்கா காலை மாத்தி மாத்தி வச்சுக்கிட்டு என்னைப் பாத்தாங்க. நான் வேற பக்கம் பாத்தேன். அன்னைக்கு அவர் கழுத்துல விழுந்த மாலை பெரியம்மா கட்டினது.

நாமளும் அவர்கிட்ட என்ன கேட்டோம்? மண்டபத்துக்குக் கூரை, ஒலிபெருக்கி, நாற்காலி. மானியம் கிடைச்சது, நன்றி. மருத்துவமனைக்குக் கட்டில் ஏன் இல்லை, ஒப்பந்த டாக்டர்களை எப்போ நிரந்தரமாக்குவீங்க, சபையில இதுவரைக்கும் எத்தனை தடவை கேட்டீங்கன்னு ஒருத்தரும் கேக்கலை. நானும்தான்.

அரசாங்க மருத்துவமனையை மட்டமா பேச நான் இதை எழுதலை. நான் தோட்டத்துல பொறந்தவன். அங்க டிரெசர் ஐயா குடுத்த மருந்துதான் எல்லா வியாதிக்கும். அதுலேயிருந்து வந்த நம்ம குடும்பங்களைத் தாங்கினது இந்த அரசாங்க மருத்துவமனைதான். இன்னைக்கும் வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணரைப் பாக்க 5 வெள்ளி. பெரியம்மாவோட ஆபரேஷனைத் தனியார்ல பண்ணியிருந்தா வீட்டை அடகு வைக்கணும். எனக்கு இப்போ 56. கம்பெனி மெடிக்கல் கார்டு 60 வரைக்கும்தான். தனியாரில் காப்புறுதி எடுக்கலாம்னு பாத்தா பிரீமியம் ஏறிக்கிட்டே போகுது, கட்ட முடியாதவங்க எல்லாம் வரப் போறது இதே நடைபாதைக்குத்தான். நாலு வருஷத்துல நானும் அங்கதான்.

நிர்வாகத்துக்கு என்னோட வேண்டுகோள் இதுதான். ஆடித் திருவிழாவுக்கு ஒய்.பி.யைத் தாராளமா கூப்பிடுங்க. வரிசையில வரட்டும், பால்குடம் எடுக்கிறவங்களுக்குப் பின்னாடி. மாலை போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. கூரைக்கு மனு குடுக்கும்போது கூடவே மருத்துவமனையைப் பத்தி ஒரு பக்கம் எழுதி, பக்தர்கள்கிட்ட கையெழுத்து வாங்கிக் குடுப்போம். மலாய்ல எழுத என் மகள் உதவி பண்றேன்னு சொல்லியிருக்கா. ஒருவேளை நிர்வாகம் வேண்டாம்னு சொன்னா, சரி. நான் பாத்திரம் கழுவ வர்றேன், தண்ணீர்ப் பந்தல்ல நிக்கிறேன். கயிறு மட்டும் வேற யாராவது பிடிங்க.

நம்ம பக்கமும் வேலை இருக்கு. 40 வயசுக்கு மேல எஸ்.டி.ஆர். உதவி வாங்குறவங்களுக்கு பெக்கா பி40 திட்டத்துல இலவச உடல் பரிசோதனை உண்டு, கணவன் மனைவி ரெண்டு பேருக்கும். ஐசியை எடுத்துக்கிட்டு அதுல சேர்ந்த தனியார் கிளினிக்குக்குப் போனா போதும். நம்ம கோவில்லயே எத்தனை பேர் இதைப் பண்ணியிருக்கீங்க? நான் கேட்டுப் பாத்த ஒன்பது பேர்ல ஒருத்தர். அப்புறம் அன்னதானக் கமிட்டி அண்ணன்மாரே, கேசரியில சர்க்கரையைக் கொஞ்சம் குறைங்க. அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

பெரியம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க. போன வியாழக்கிழமை பாக்கப் போனேன். கால்ல கட்டு, ஆனா முகம் தெளிவா இருக்கு. "கீழ உக்கார முடியாது தம்பி, ஒரு குட்டை நாற்காலி போட்டுக் குடு, ஆடிக்கு வந்துடுறேன்"னு சொன்னாங்க. நாற்காலிக்கு ஏற்பாடு பண்ணியாச்சு.

புண்ணுக்குக் கட்டு மாத்த ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போகணும். காலையில ஆறரைக்கே போனாத்தான் முதல் நம்பர்களுக்குள்ள கிடைக்கும். அடுத்த வாரம் எனக்குக் காலை ஷிப்ட். திங்கள், புதன் ரெண்டு நாளும் கார் வச்சிருக்கிற யாராவது கூட்டிட்டுப் போக முடியுமா? முடியும்னா கோவில் வாட்ஸ்அப் குழுவுல சொல்லுங்க. ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துட்டுப் போங்க, அங்க உக்கார இடம் இருக்காது.