கலவை என்றொரு சொல்

பிரிட்டனில் குடியேறிய இந்தியர்கள், அவர்களுடைய பிள்ளைகள் எழுதும் கவிதையைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு சொல் தவறாமல் வந்துவிடுகிறது: கலவை. இந்தியப் பாரம்பரியமும் பிரிட்டிஷ் வாழ்க்கையும் அழகாகக் கலந்திருக்கிறதாம். இதைச் சொன்னதும் விமர்சகரின் வேலை முடிந்துவிடுகிறது. எது எத்தனை பங்கு என்று அளந்து பார்க்கக் கவிதை என்ன கஷாயமா? நானும் ஒரு காலத்தில் இந்தச் சொல்லை உபயோகித்தவன்தான். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தல்ஜித் நாக்ராவை எடுத்துக்கொள்வோம். டோவர் துறைமுகத்தில் வந்திறங்குபவர்களைப் பற்றிய கவிதைக்கு 2004இல் ஃபார்வர்ட் பரிசு கிடைத்தது. அதன் தலைப்பிலேயே 2007இல் முதல் தொகுதி ஃபேபர் வெளியீடாக வந்தது. புடவை, மசாலா என்று தேடிப் போகிறவர்களுக்கு அதிலும் ஏதாவது அகப்படும். கவிதை அங்கே இல்லை. பஞ்சாபிலிருந்து போன பெற்றோருக்கு 1966இல் இங்கிலாந்திலேயே பிறந்தவர் நாக்ரா. இத்தொகுதியில் அவர் கையாளும் பிதுரார்ஜிதம், தகப்பன் தலைமுறை கடையிலும் தொழிற்சாலையிலும் பேசிய ஆங்கிலம். வினைச்சொல் இடறும், உச்சரிப்பு புரளும். இது இந்தியாவிலிருந்து பெட்டியில் வந்ததல்ல. இங்கிலாந்தில், கேட்டவர்களின் சிரிப்புக்கு நடுவே உருவான பாஷை. அதற்கு ஒரு லயம் உண்டென்று காட்டியதுதான் நாக்ராவின் சாதனை. சில இடங்களில் அது வெறும் மிமிக்ரியாகச் சரிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

'சிங் ஸாங்!' கவிதையில் ஒரு பையன் அப்பாவின் கடையைக் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை பார்த்துக்கொள்கிறான். ஆளில்லாத நேரத்தில் பூட்டிவிட்டு மாடிக்குப் புது மனைவியிடம் ஓடிவிடுகிறான். கீழே வாடிக்கையாளர்களின் முணுமுணுப்பு பல்லவிபோல் திரும்பத் திரும்ப வருகிறது. எதில் எது கலந்தது இங்கே? ஒருவன் ஒருத்தியை நேசிக்கிறான், கடை கெடுகிறது.

இதே தொகுதியில் இன்னொரு கவிதை. மகனுடைய பள்ளிப் பாடத்தொகுப்பைப் பார்த்து ஒரு தகப்பன் பொரிந்து தள்ளுகிறான். இவர்களையெல்லாம் 'பிற பண்பாடுகள்' என்ற பட்டியில் அடைத்துவிட்டார்களே என்று. வேடிக்கை, பின்னாளில் 'சிங் ஸாங்!' கவிதையே பாடத்தொகுப்பில் ஏறியது, 'காதலும் உறவுகளும்' என்ற தலைப்பின் கீழ். பரீட்சைக்காரர்களுக்குப் பிடிபட்டது நம் விமர்சகர்களுக்குப் பிடிபடவில்லை.

கலவைக்காரர்களின் தராசு எங்கே செல்லாது என்றும் பார்க்கலாம். அமர்ஜித் சந்தன் நைரோபியில் 1946இல் பிறந்தவர், 1980இல் லண்டன் வந்து சேர்ந்தவர். அங்கிருந்துகொண்டு பஞ்சாபியில் எழுதினார். அவருடைய சிறு கவிதையொன்றை ஸ்லௌ நகரின் கடைவீதியில் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆனாலும் கலவை பற்றிய கட்டுரைகளில் அவர் பெயரைக் காணோம். ஆங்கிலத்தில் தூவினால்தான் பாரம்பரியம். முழுசாகப் பஞ்சாபியாகவே இருந்துவிட்டால் அது குடியேறியவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் சொந்த விவகாரம் போலிருக்கிறது.

சந்தனை நானும் ஆங்கிலம் வழியாகத்தான் படித்தேன். பஞ்சாபியிலிருந்து நேரே தமிழுக்குக் கொண்டுவர ஒருவர் அகப்பட்டால், அடுத்த இதழில் எனக்குரிய பக்கங்களை அவருக்கு விட்டுவிடுகிறேன்.